பழைய வெர்ஷனே போதும், மாப்பிள்ளை

சத்துவாச்சாரி,
சனிக்கிழமை

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை செல்வகுமார் அவர்களுக்கு,

மாமனார் தட்சிணாமூர்த்தி எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் சுகம். ஐப்பசி பிறந்தும் வேலூர் வெயில்தான் குறையவில்லை. பெங்களூரில் நீங்களும் ஜோதியும் நலமாக இருக்கச் சோளிங்கர் நரசிம்மர் துணை நிற்பார்.

கட்டிட டிசைன் சாஃப்ட்வேரின் புது வெர்ஷனை என் ஆபீசுக்காக நீங்களே வாங்கி, ஆயுத பூஜைக்கு முன்பே மெயிலில் அனுப்பியதாக நேற்று ஜோதி போனில் சொன்னாள். மெயிலெல்லாம் டிராயிங் போடும் சோபனாதான் பார்ப்பாள்; எனக்குத் தெரியாது. மனசு குளிர்ந்துவிட்டது. ஆனால் தீர யோசித்துவிட்டேன், மாப்பிள்ளை. அது வேண்டாம். திங்கட்கிழமைக்குள் ரத்து செய்துவிடுங்கள். காரணம் சொல்லாவிட்டால் மாமனாருக்குத் தலைக்கனம் என்று நினைப்பீர்கள்.

பூஜையன்று கம்ப்யூட்டர், பிரிண்டர், மின்விசிறி என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன், பழைய சாஃப்ட்வேர் திறக்க கம்ப்யூட்டரில் ஒரு டாங்கிள் செருகியிருக்க வேண்டும், விரல் நீளம்கூட இல்லாத சாவி அது, அதில்தான் உயிரே இருக்கிறது, அதை மட்டும் விட்டுவிட மனசு வரவில்லை, பிடுங்கி, நாலு பக்கமும் தாராளமாகச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, திரும்பச் செருகினேன். விஜயதசமி காலையில் திறந்தால் சாவியைக் காணோம் என்கிறது! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆம்பூரில் தோல் ஃபேக்டரி வைத்திருக்கும் உமர் ஃபாரூக் பாய் புது ஷெட் போடுகிறார், சாயங்காலத்துக்குள் டிராயிங் போகாவிட்டால் வேலை சென்னைக்காரர்களுக்குப் போய்விடும். போன் மேல் போன். "இன்னா சார், ஒரே பேஜாரா கீது. பூஜை முடிஞ்சும் இன்னும் பொரிகடலைதானா?"

சோபனாதான், "நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க சார், நான் பாத்துக்கறேன்" என்றாள். திரும்பி வந்தால் ஓடுகிறது! அதுவும் எப்படி? முன்பு ஒரு தூணுக்குக் கணக்குக் கொடுத்துவிட்டுப் பேப்பரைப் புரட்டி முடிக்கலாம். இப்போது கண்ணாடியைத் துடைப்பதற்குள் விடை வருகிறது. திரைகூடப் பளிச்சென்று வேறு நிறத்தில் இருக்கிறது. கேட்டால், "தொடச்சேன் சார்" என்கிறாள். புது வெர்ஷன் ஃபைல்தான் வேண்டும் என்று அடம்பிடித்த பாயின் கன்சல்டன்ட், வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டார். அடுத்த ஷெட்டும் எனக்கே என்று சொல்லிவிட்டார் பாய். எல்லாம் பூஜையின் பலன். இதுக்கு மேல என்ன வேணும்?

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்துதான் மாமனார் ஆபீஸ் ஓடுகிறது என்று நாலு பேர் சொன்னால் எனக்குச் சங்கடமாக இருக்கும்.

தீபாவளிக்கு இரண்டு பேரும் அவசியம் வர வேண்டும். உங்கள் அத்தை இப்போதே அதிரசத்துக்கு அரிசி பார்க்கிறாள். குறைவில்லாமல் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உங்கள் நலம் நாடும் மாமனார்,
கோ. தட்சிணாமூர்த்தி

பி.கு.: அண்ணா, நான் சோபனா. இதை ஸ்கேன் செய்து உங்களுக்கு அனுப்பச் சொல்லிவிட்டு சார் சாப்பிடப் போயிருக்கிறார். தயவுசெய்து ரத்து மட்டும் செய்துவிடாதீர்கள். டாங்கிள் அன்றைக்கே போய்விட்டது; சந்தனம் உள்ளே இறங்கிக் காய்ந்துவிட்டது. மெயிலில் நீங்கள் அனுப்பியதைத்தான் போட்டேன், விஜயதசமியிலிருந்து ஆபீஸே அதில்தான் ஓடுகிறது. உண்மையைச் சொல்லலாம் என்றுதான் ஒரு நாள் காலையில் போய் நின்றேன். சார் டாங்கிளைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார், அப்படியே திரும்பி வந்துவிட்டேன். "சரி மாமா, ரத்து செய்துவிட்டேன்" என்று ஒரு வரி பதில் போடுங்கள். அதை அவர் தெரு முழுக்கக் காட்டிவிட்டு வரட்டும். அந்த நேரத்தில் நான் பாயின் அடுத்த ஷெட்டை முடித்துவிடுகிறேன்.