மூன்று வானில் எதில் மாம்பழம்

ஸ்காபரோ,
புதன்கிழமை

பெருமதிப்புக்குரிய நாகமணி அத்தானுக்கு,

மைத்துனன் இராசரத்தினம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான், மனைவி பேபி, மகள் அட்சயா மூவரும் சுகம். கடையும் சுகம். அக்காவின் முழங்கால் படியேற விடுகிறதா என்று விசாரித்ததாகச் சொல்லவும். மரியாதை இத்துடன் முடிந்தது, இனி விஷயம். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பீர்கள். போனில் சொன்னால் அக்கா ஸ்பீக்கரில் போடுவா, பின்னேரத்துக்குள் ஒஷாவா முழுக்கத் தெரிந்துவிடும். ஆகவே உங்கள் வீட்டுச் சாமானோடு, அரிசி மூட்டைக்கு மேலே வைத்து, எங்கள் கடைச் சாமான் வான் ஓட்டும் அபிஷன் கையில் அனுப்புகிறேன்.

பிக்கரிங்கில் இரண்டாவது கடை எடுக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். அட்சயா நடத்துவாள் என்ற ஒரே நம்பிக்கையில்தான் எடுத்தேன். புள்ளிவிவரம் படித்த பிள்ளை. எந்தக் கிழமை எத்தனை பெட்டி முருங்கைக்காய் போகும் என்று முன்கூட்டியே சொல்வாள், சொன்னபடி போகும். அப்படிப்பட்டவள் மூன்று கிழமைக்கு முன் சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டு, ஒஹாயோவில் ஒரு யூனிவர்சிற்றி அமெரிக்கன் ஃபுட்போல் அணிக்குத் தாக்குதல் திட்டம் போட்டுக்கொடுக்கும் வேலைக்குத் தன்னைக் கேட்கிறார்கள் என்கிறாள். கையில் எடுத்த குழம்புக் கரண்டி அப்படியே நின்றது. பேபி என்னைவிடப் பத்து மடங்கு எதிர்ப்பு. "பந்துக்குப் பின்னால ஓடுற ஆம்பிளையளுக்குப் பின்னால இவள் ஓடப் போறாளாம், கேக்கிறீங்களோ?" என்று தொடங்கியவள் இன்றுவரை ஓயவில்லை. ஆகவே அந்தப் பக்கம் எனக்குப் பயமில்லை.

விளையாட்டு இதுதான் அத்தான். பந்து வைத்திருக்கும் பக்கத்துக்குப் பத்துக் கஜம் முன்னேற நாலு தரம் கிடைக்கும். மூன்று தரத்தில் முடியாவிட்டால், நாலாம் தரம் பந்தை எட்ட உதைத்து எதிராளியிடம் கொடுத்துவிடுவது பழைய வழக்கம். "இன்னும் பத்து வருசத்தில ஒருத்தரும் உதைக்க மாட்டினம் அப்பா. உதைக்கிறது வெறும் பயம். நாலாந்தரமும் ட்ரை பண்ணுறதுதான் லாபம்" என்கிறாள். அதோடு, இன்னார் எறிவார் இன்னார் ஓடுவார் என்பதெல்லாம் போய், எல்லாரும் எல்லாம் செய்வார்களாம். கனடாவில் மூன்று தரம்தான், ஆனால் இங்கே பந்தை எடுக்க முன்னமே ஆட்கள் பந்து இருக்கும் கோட்டை நோக்கி ஓடி வரலாம். அமெரிக்காவில் அது குற்றம். நாளைக்கு அவர்களும் அதை விடுவார்கள், அன்றைக்கு ரொறன்ரோவில் இதைப் பார்த்து வளர்ந்தவருக்குத்தான் கிராக்கி என்பது இவளுடைய வாதம். இறக்குமதி வியாபாரியின் மகளிடம் வேறு எதை எதிர்பார்ப்பது.

சொல்லைக் கேட்டதோடு விட்டிருக்கலாம். அது மண்டைக்குள் இறங்கிவிட்டது. இருந்தால் இருக்க முடியவில்லை, நின்றால் நிற்க முடியவில்லை, பருப்பு அடுக்கிய தட்டுகளுக்கு நடுவே நடந்து பத்துக் கஜம் எவ்வளவு என்று அளக்கிறேன். விற்காத பலாப்பழத்தை மூன்றாம் நாள் சாப்பாட்டுக் கடைக்காரருக்குக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுவேன், அதுதான் என் உதை. போன கிழமை உதைக்காமல் நாலாம் நாளும் வைத்து, வெட்டிச் சுளையாக்கி அடுக்கினேன். மத்தியானத்துக்குள் ஒன்றும் மிஞ்சவில்லை. எனக்குக் கொம்பு முளைத்துவிட்டது. இந்தக் கிழமை இருபத்திரண்டு பழத்தை வைத்திருந்தேன். அன்றைக்குப் பார்த்துக் கடும் வெயில், சனம் எல்லாம் ஏரிக்கரைக்குப் போய்விட்டது, கடைக்குள் வந்த ஒரே ஆள் பக்கத்துப் பல் வைத்தியர், அவரும் மணத்தைப் பற்றி முறையிட வந்தவர். "எத்தனை கஜம் மிச்சம் எண்டு பாக்காம நாலாந்தரம் போகக்கூடாதப்பா" என்கிறாள் மகள். முதலே சொல்லியிருக்கலாம்.

இனித்தான் நான் விட்ட பிழை. திங்கட்கிழமை அந்த அணியின் கோச், மாக்கஸ் என்று பெயர், கொம்பியூட்டரில் முகம் காட்டிப் பேச வந்தார். பேபிதான் என்னைத் தள்ளினாள். "நீங்கள் போய்க் கதையுங்கோ. நீங்கள் கதைச்சாத்தான் இது குழம்பும்." சரியென்று போய் இருந்தேன். வியாபாரத்தில் ஒருவரைத் திருப்பி அனுப்ப வேண்டுமென்றால் வேண்டாம் என்று சொல்லக்கூடாது. அவர் என்ன சொன்னாலும் போதாது என்று சொன்னால் தானாக எழுந்து போவார். அவர் மூன்று வருசம் என்றார், நான் ஒன்று என்றேன். மாணவர் விடுதி என்றார், மிளகாய் வறுத்தால் புகை வெளியே போகிற குசினி வேண்டும் என்றேன். "அப்பா, ப்ளீஸ், இது இன்டர்வியூ" என்று மகள் மேசைக்குக் கீழே காலை மிதித்தாள். தைப்பொங்கலுக்கு ஒரு கிழமை லீவு கேட்டேன். அவர் காலண்டரைப் பார்த்து, "இறுதியாட்டத்துக்குப் போகாவிட்டால் தரலாம்" என்றார். "போவதும் போகாததும் உங்கள் பாடு, பொங்கல் தேதி மாறாது" என்றேன். மனிதர் எல்லாவற்றுக்கும் இறங்கி இறங்கி வந்தார். எங்கள் ஆள் என்றால் பாதியில் எழுந்து போயிருப்பான்.

அதோடு நின்றேனா? கடையில் இவள் எவ்வளவு தேவை என்று காட்ட, மாம்பழக் கதையைச் சொல்லித் தொலைத்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து கறுத்தக் கொழும்பான் வந்து இறங்கும் நாளில், எந்தக் கடைக்கு விற்கக் கொண்டுபோகிறேன் என்று பார்க்க எதிர்க்கடைக்காரர் ஆள் வைத்திருப்பார். நான் ஒரே நேரத்தில் மூன்று வானை, இவள் போட்ட கணக்கின்படி, மூன்று பக்கம் விடுவேன். இரண்டு வெறும் வான். "வெறும் வான்தான் ஆறுதலாக, மெல்ல மெல்லப் போகவேணும், பாரம் ஏத்தினவன் மாதிரி. அப்பத்தான் அவன் அதுக்குப் பின்னால போவான்" என்றேன். கோச் பேனையை எடுத்து எழுதினார். தன் உதவியாளர் இரண்டு பேரைக் கூப்பிட்டுத் திரும்பவும் சொல்லச் சொன்னார். பிறகு, "ஒன்றரை வருசம், குசினி, பொங்கல், சம்மதமா?" என்று கேட்டார். முப்பது வருசப் பழக்கம் அத்தான், விலை படிந்தவுடன் கை தானாக நீண்டு திரையைத் தொட்டுவிட்டது. "சம்மதம்" என்று வாயும் சொல்லிவிட்டது. படிந்த விலையை மாற்றினான் இராசரத்தினம் என்று இந்த ஊரில் ஒருவரும் சொன்னதில்லை.

ஆகவே நான் முறிக்க முடியாது, நீங்கள் முறிக்கலாம். வீட்டுக்கு மூத்தவர் சம்மதிக்கவில்லை என்றால் எந்தப் பேச்சும் நிற்கும், அது குற்றமில்லை. நீங்கள் வரவேண்டிய நாளைப் பேபியே குறித்துத் தந்தாள், ஞாயிறு நாலு மணி. நீங்கள் வந்து, "என்ர மருமகள் போகக்கூடாது" என்று ஒரு சொல் சொன்னால் போதும். இல்லாவிட்டால் பிக்கரிங் கடைக்குத் திறப்பு என் கையில் இருக்கும், திறக்க ஆளிருக்காது.

அக்காவுக்கு என் அன்பு. உங்கள் சீனியும் பிரஷரும் அடங்கி இருக்கவும், நம் குடும்பத்தில் பிள்ளைகள் கண்ணுக்கெட்டும் தூரத்தில் வாழவும் முருகன் அருளட்டும்.

பணிவுள்ள மைத்துனன்,
இராசரத்தினம்

பி.கு.: கடிதத்தை முடித்துவிட்டு உங்கள் அரிசி மூட்டையை எடுக்கப் பின்னறைக்குப் போனேன். மூட்டைக்குப் பின்னால் ஒரு சூட்கேஸ். உள்ளே அட்சயாவின் உடுப்பு, புதுக் குளிர்ச்சட்டை, பழைய ஹோர்லிக்ஸ் போத்தலில் வறுத்து இடித்த மிளகாய்த்தூள், மேலே பேபியின் கையெழுத்தில் ஒஹாயோ விலாசம். டிக்கெற் சனி காலைக்கு, நீங்கள் வருவதற்கு முதல் நாள். மூன்று கிழமையாக அவள் போட்ட சத்தம்தான் வெறும் வான் அத்தான், நான் அதற்குப் பின்னால் போய்க்கொண்டிருந்திருக்கிறேன். பேரம் பேச என்னை விட்டதும் அவள், உங்களை ஞாயிறு கூப்பிடச் சொன்னதும் அவள். குளிரறையில் போடுகிற என் தடித்த கையுறையை மிளகாய்த்தூளுக்குப் பக்கத்தில் வைத்து, சூட்கேஸை இருந்தபடி மூடிவிட்டேன். மேலே எழுதியதை மறந்துவிடுங்கோ. பிக்கரிங் கடைக்கு நீங்கள்தான் வந்து நிற்க வேண்டும், பென்ஷன் எடுத்துக்கொண்டு எவ்வளவு நாளைக்கு ரீவி பார்ப்பீர்கள். ஆனால் ஞாயிறு நாலு மணிக்கு வராமல் விடாதேங்கோ. வந்து, பிள்ளையை ஏன் விட்டாய் என்று பேபிக்கு முன்னால் என்னை நல்லா ஏசுங்கோ. நானும் ஆறுதலாக, பாரம் ஏத்தினவன் மாதிரி, முகத்தை வச்சுக்கொண்டு இருப்பன்.