ரெக்கோடரின் சைக்கிள் மணி

எங்கள் ஊருக்கு எமன் சைக்கிளில்தான் வருவான் என்று எல்லோரும் உறுதியாக நம்பியிருந்தோம். அந்தச் சைக்கிளை ஓட்டி வருபவருக்கு ஊர் வைத்த பெயர் ‘ரெக்கோடர்’.

தபால்கந்தோரில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். வாவிக்கரையில் கிடக்கும் எங்கள் சின்ன ஊரின் வரலாற்றைக் காப்பாற்றும் பொறுப்பை, யாரும் கேட்காமலே தலையில் தூக்கிவைத்துக்கொண்டார். வயதானவர்கள் கண்ணை மூடுவதற்குள் அவர்களின் கதைகளைப் பதிந்துவிட வேண்டுமாம். யாருக்காவது காய்ச்சல் என்று காதில் விழுந்தால் போதும், ஒலிப்பதிவுக் கருவியோடு வாசலில் நிற்பார். கதை கொஞ்சம் நின்றால், “மறுகா? மறுகா என்ன நடந்த?” என்று உயிரை எடுப்பார்.

பேக்கரிக்காரரைச் செவ்வாய்க்கிழமை பதிந்தார். வெள்ளிக்கிழமை அடக்கம். அதோடு ஊர் பயந்துவிட்டது. ஒரு மாதமாகப் படுத்திருந்த மேசன் ஒருவர், சைக்கிள் மணி கேட்டதும் எழுந்து குளித்துவிட்டு ஏறாவூருக்கு வேலைக்குப் போய்விட்டார்.

போன மாரியில் அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகும் சாப்பிடவில்லை, பேசவில்லை. சுவரைப் பார்த்தபடி படுத்துக்கிடந்தார். நாங்கள் கலங்கிப்போயிருந்த நான்காம் நாள், மணிச்சத்தம். அம்மா ஓடிப்போய் வாசல் படலையைப் பூட்டினார்.

“அவர் நல்லா இருக்கார். நீங்க போயிட்டு வாங்க!”

“நல்லா இருக்கட்டும் தங்கச்சி. பாலம் கட்ட முதல் ஓடின பாதைப் படகில இருந்து, கலியாண நாளண்டு ஒரு மாப்பிள்ளை வாவிக்குள்ள விழுந்தாரே, அவர் தன்னாமுனை ஆளாம். அதப் பதியட்டா எண்டு கேட்கத்தான் வந்தன்.”

உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது. “ஆரு சொன்ன? பச்சைப் பொய்! அந்த மனுசன உள்ள வரச் சொல்லு!”

அன்று தொடங்கிய கதை ஒரு மாதம் ஓடியது. மாப்பிள்ளையின் பட்டு வேட்டி, படகில் நின்ற மேளகாரர், கால் வழுக்கிய இடம், எல்லாம் வந்தது. மாப்பிள்ளையின் பெயர் மட்டும் வரவில்லை. “மிச்சம் நாளைக்கு” என்று நிறுத்திவிட்டு, கதை சொல்லத் தெம்பு வேண்டுமென்று கஞ்சி கேட்பார் அப்பா. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பார். பொங்கலுக்கு அப்பா படலைவரை நடந்தார். எங்களுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ஒருநாள் ரெக்கோடரை வழியனுப்பும்போது மெல்லக் கேட்டேன். “ஐயா, அந்த மாப்பிள்ளை ஆரெண்டு அப்பா இன்னும் சொல்லல்லையே?”

“உங்கட அப்பாதானே மகள். படகுக்காரர் சொல்லி, பத்து வருசத்துக்கு முதலே பதிஞ்சிட்டன்.” சைக்கிளில் ஏறினார். “அவரிட்டச் சொல்லிராதீங்க. நாளைக்கும் நான் வரவேணும்.”

அம்மா இப்போது படலையைப் பூட்டுவதில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தாலும் அந்த மணிச்சத்தம்தான் முதலில் கேட்கவேண்டும்.