மூன்று மூச்சு

புது மேனேஜர் டோரதி மேடம் மூன்றாவது தடவையாகத் தமயந்தியின் மேசைப் பக்கம் வந்தார், நின்றார், ஒன்றும் சொல்லாமல் போனார்.

திட்டியிருந்தால் தேவலை. பழைய மேனேஜர் லைனே அதிரத் திட்டுவார். அத்தோடு விஷயம் முடிந்துவிடும். இந்த அம்மாள் வந்து ஒரு வாரம் ஆகிறது, ஒரு சொல் கடிந்து பேசவில்லை. வெறும் பார்வைதான். அந்தப் பார்வை விழும்போதெல்லாம் தமயந்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

பயப்படக் காரணமும் இருந்தது. பொம்மனஹள்ளியில் இருக்கும் அந்த ஏற்றுமதிச் சட்டைத் தொழிற்சாலையில் அவள் நாலாவது லைன் செக்கர். தைத்து வரும் சட்டையை விரித்துப் பார்த்து, பிசிறு வெட்டி, குறை இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். திங்கட்கிழமை அவளுக்கு மண்டையைப் பிளக்கும் தலைவலி. அன்று பன்னிரண்டு சட்டைகளுக்கு, இடது பக்கம் இருக்க வேண்டிய பாக்கெட் வலது பக்கம் தைத்து வந்திருந்தது. அத்தனையையும் சரி என்று அனுப்பிவிட்டாள். அரைமணி கழித்துத்தான் உறைத்தது. பேக்கிங் பக்கம் ஓடினால், பெட்டிகளுக்கு டேப் ஒட்டி உத்தரம் வரை அடுக்கியாகிவிட்டது.

லைனுக்கு இரண்டு பேரை வேலையிலிருந்து நிறுத்தப் போவதாக வேறு பேச்சு. கணவன் ரகுராம் வேலை பார்த்த லேத் பட்டறை மூடி இரண்டு மாதம் ஆகிறது.

"மித்ரா, எனக்கு சோறு இறங்கலடி" என்றாள் மதியம்.

பக்கத்து மேசை செக்கர் சங்கமித்ராவுக்கு நன்றாகவே இறங்கிக்கொண்டிருந்தது. தமயந்தியைவிட இரண்டு வயது சின்னவள். மூன்று தலைமுறையாக பௌத்தக் குடும்பம். ஞாயிறு தவறாமல் விகாரைக்குப் போவாள். புத்தரைப் பற்றிப் பேசினால் பக்கத்துத் தெருவில் குடியிருப்பவரைப் பற்றிப் பேசுவது போலிருக்கும். லைனில் யாருக்கு மனக்கஷ்டம் என்றாலும் அவளிடம்தான் போவார்கள்.

"இறங்கலன்னா இங்க தள்ளுக்கா" என்று தமயந்தியின் டப்பாவை இழுத்துக்கொண்டாள் சங்கமித்ரா. "என்ன பயம்?"

தமயந்தி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பன்னிரண்டு சட்டைக் கதையைக் காதோடு சொன்னாள்.

"போய்ச் சொல்லிடு."

"வேலை போயிடும்!"

"அப்ப பயத்தையாவது பாரு. இப்ப நீ என்ன பண்ற? மேடம் வந்தா தலையைக் குனிஞ்சுக்கற. ஓடினா அது துரத்திக்கிட்டே வரும். நிமிர்ந்து பாரு. மூணு மூச்சு நிதானமா இழுத்து விடு. பார்க்கப் பார்க்க, 'அட, இவங்களும் மனுஷிதானே'ன்னு தோணும். புத்தர் சொன்னது அவ்ளோதான்."

"அவ்ளோதானா?"

"செஞ்சு பாரு. அப்பறம் தெரியும் எவ்ளோன்னு."

மறுநாள் டோரதி மேடம் வந்தபோது தமயந்தி நிமிர்ந்தாள். பயத்தில் கண் தானாக அகலமாக விரிந்துகொண்டது. இமைத்தால் பாடம் கெட்டுவிடுமோ என்று இமைக்கவும் இல்லை. ஒன்று. இரண்டு. மூக்கு விடைத்தது. மூன்று.

மேடம் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. குனிந்து எடுக்கக்கூட இல்லை, விறுவிறுவென்று கண்ணாடி அறைக்குள் போய்த் திரையை இழுத்துவிட்டார்.

"கோபம் வந்துடுச்சு மித்ரா! பேனாவைத் தூக்கிப் போட்டுட்டாங்க!"

"ஒரே நாள்ல விட்டா எப்படி? தினமும் செய்."

செய்தாள். நான்காம் நாள் விபரீதமாக ஒன்று நடந்தது. மேடம் ஓடவில்லை. மேசைக்கு எதிரே வந்து நின்று, அதே மாதிரி அவளையே உற்றுப் பார்த்தார். இமைக்காமல். தையல் மிஷின்கள் தடதடக்க, இருவரும் நட்டு வைத்த கம்பங்களாக நின்றார்கள். கழுத்துச் சிலுவையைப் பிடித்திருந்த மேடத்தின் விரல்கள் வெளுத்திருந்தன. பிறகு திரும்பிப் போனார்.

தமயந்தி பக்கத்து மேசைக்கு ஓடினாள்.

"தெரிஞ்சுபோச்சு. சட்டை விஷயம் தெரிஞ்சுபோச்சு. நானா சொல்றேனான்னு பாக்கறாங்க."

சங்கமித்ரா கத்தரியைக் கீழே வைத்தாள். "பார்வை மட்டும் போதாதுக்கா. உன் பார்வையில பயம்தான் இருக்கு, அன்பு இல்ல. அவங்களைப் பாக்கறப்ப மனசுக்குள்ள சொல்லு. 'நீ நல்லா இருக்கணும், உனக்கு ஒரு கஷ்டமும் வரக்கூடாது.' எதிரிக்கும் அப்படி நினைக்கறதுதான் மைத்திரி."

மனசுக்குள் சொல்வது தமயந்திக்குப் பழக்கமில்லை. மனசுக்குள் படித்து பத்தாம் வகுப்பில் இரண்டு தடவை ஃபெயில் ஆனவள். உதடு அசைந்தது. மேடம் அறையிலிருந்து வெளியே வரும்போதெல்லாம் தமயந்தி கண்ணை விரித்து, மூக்கை விடைத்து, முணுமுணுவென்று வாழ்த்தினாள்.

இரண்டு நாளில் மேடமும் முணுமுணுக்க ஆரம்பித்தார்.

வீட்டில் சொன்னதும் ரகுராம் எழுந்து உட்கார்ந்தான். "உன்னைப் பாத்தாங்களா? உதட்டை அசைச்சாங்களா? ஏதோ மந்திரம் போட்டு விடறாங்கடி!"

"சும்மா இருங்க. அவங்க கிறிஸ்டியன்."

"அப்ப ஜெபம் பண்ணி விடறாங்க. அது இன்னும் ஸ்ட்ராங்."

வியாழக்கிழமை வேலை விட்டதும் தமயந்தி விவேக் நகரில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். எந்தச் சாமியானால் என்ன, அங்கிருக்கும் குழந்தை இயேசு கோயிலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிடுவது என்று முடிவு. கூட்டத்தில் இடித்துப் பிடித்து ஏற்றினாள். பக்கத்தில் இன்னொரு கை மெழுகுவர்த்தி ஏற்றியது. நிமிர்ந்தாள்.

டோரதி மேடம்.

மேடம் வாயிலிருந்து "ஜீசஸ்!" என்று ஒரு சத்தம் வந்தது. தமயந்தி வேறு வழி தெரியாமல் மூன்று மூச்சு இழுத்தாள். மேடமும் பார்த்துக்கொண்டே நின்றார். பின்னாலிருந்து ஒரு பெண்மணி, "ஏனம்மா, ஏத்தியாச்சுன்னா நகரலாம்ல?" என்று தள்ளியதும் இரண்டு பேரும் ஆளுக்கொரு வாசலைப் பார்த்து ஓடினார்கள்.

"மேடம் வீடு எங்கயோ ரிச்சர்ட்ஸ் டவுன்ல. என் பின்னாலயே விவேக் நகர் வரைக்கும் வந்திருக்காங்க மித்ரா!" என்றாள் அன்றிரவே போனில்.

"கோயில்னா நாலு பேரும்தான் வருவாங்க. சரி, கடைசியா ஒண்ணு சொல்றேன். ஏதாவது குடு. நம்ம கையால குடுத்தா மனசு இளகும். வாங்கறவங்க மனசும் இளகும்."

வெள்ளிக்கிழமை தமயந்தி நாலு மணிக்கே எழுந்து எலுமிச்சைச் சாதம் கிளறினாள். டப்பாவை மேடம் அறை மேஜை மீது வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டாள். கண்ணாடி வழியாகப் பார்த்தபோது, மேடம் டப்பாவை ஸ்கேலால் நகர்த்தி நகர்த்தி மேஜை ஓரத்துக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலை தமயந்தியின் மேசையில் ஒரு பிளம் கேக் இருந்தது. ரிப்பன் கட்டியிருந்தது. "வித் லவ், டோரதி" என்று ஒரு சீட்டு.

அவள் கேக்கைத் தொடவில்லை. போன வருஷம் மூன்று டெய்லர்களை நிறுத்தியபோதும் காலையில் ஸ்வீட் பாக்கெட், சாயங்காலம் கடிதம். தொழிற்சாலையில் எல்லோருக்கும் தெரிந்த நடைமுறை.

டீ கொண்டுவந்த லட்சுமம்மா கேக்கைப் பார்த்தாள், தமயந்தியைப் பார்த்தாள். "ஒண்ணும் ஆகாதும்மா" என்றாள். அந்தக் குரலே ஆகிவிட்டது போலிருந்தது.

"மித்ரா எங்க லட்சுமம்மா?"

"மேடம் ரூம்ல. கதவைச் சாத்திக்கிட்டு ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருக்காங்க. தினமும் டீ டைம்ல அங்கதானே இருக்கா? உனக்குத் தெரியாதா?"

தெரியாது. ரிப்போர்ட் கொடுக்கப் போகிறேன் என்றுதான் சங்கமித்ரா சொல்லிவிட்டுப் போவாள். ரிப்போர்ட்! தமயந்திக்கு இப்போதுதான் அந்த வார்த்தையின் அர்த்தம் முழுதாகப் புரிந்தது. பன்னிரண்டு சட்டை விஷயம் இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும்.

சங்கமித்ரா வந்ததும் மறித்தாள். "அங்க என்னடி பேசற?"

சங்கமித்ரா முதல் தடவையாகத் தடுமாறினாள். "அது வந்து... சொல்லக் கூடாதுக்கா. தப்பு."

"என்னைப் பத்தியா?"

"பொய் சொல்ல மாட்டேன். உன்னைப் பத்தியும்தான்."

தமயந்திக்கு, துரோகி கற்றுக்கொடுத்த மூச்சை இழுக்கவும் பிடிக்கவில்லை. கத்தரியை மேசையில் வைத்தாள். நேராகக் கண்ணாடி அறைக்குப் போய், தட்டாமல் கதவைத் திறந்தாள்.

டோரதி மேடம் நாற்காலியோடு பின்னால் நகர்ந்து சுவரில் இடித்துக்கொண்டார்.

"தமயந்தி, ப்ளீஸ்... உக்காந்து பேசலாம்..."

"உக்கார வேணாம் மேடம். நானே சொல்லிடறேன். போன வாரம் திங்கக்கிழமை பன்னெண்டு சட்டை. பாக்கெட் ரைட் சைடு. நான்தான் பாஸ் பண்ணேன். தலைவலி. வீட்டுக்காரருக்கு வேலை இல்ல. நீங்க பாத்த பார்வையிலேயே நான் பாதி செத்துட்டேன். லெட்டர் குடுக்கறதுன்னா இப்பவே குடுத்துடுங்க. கேக் எல்லாம் வேணாம்."

மேடம் நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"பன்னெண்டு சட்டையா?" என்றார் மேடம் மெதுவாக. "இதைச் சொல்லவா வந்தீங்க? இது மட்டும்தானா?"

"ஆமா மேடம்."

"வேற ஒண்ணும் இல்லையே?"

"சத்தியமா இல்ல மேடம்."

டோரதி மேடம் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. கையை எடுத்தபோது இரண்டுமாக இருந்தது.

"கன்டெய்னர் புதன்கிழமைதான் வருது. பெட்டியைப் பிரிச்சு பாக்கெட்டை மாத்தித் தைக்கச் சொல்லுங்க. லெட்டர் எல்லாம் யாருக்கும் இல்ல. போங்க. போய் கேக் சாப்பிடுங்க. ப்ளீஸ்."

தமயந்தி வெளியே வந்து, டீ டிரம்முக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். லட்சுமம்மா டம்ளரைக் கையில் திணித்தாள்.

"வேலை போகலயா?"

"போகல" என்றாள் தமயந்தி. "தப்பை ஒத்துக்கிட்டேன், அந்தம்மா அதைக் கேட்டுட்டு சந்தோஷப்படறாங்க. எனக்கு ஒண்ணுமே புரியல லட்சுமம்மா."

லட்சுமம்மா அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"பின்ன என்னம்மா, டீ குடுக்கப் போறப்ப என் காதுல விழுந்ததுதான், நாலாவது லைன்ல ஹெட் ஆபீஸ் வெச்ச உளவாளி நீதான்னு யாரோ சொன்னதை நம்பி, அந்தம்மா வந்த நாள்ல இருந்து உன்னைப் பாத்து நடுங்கிட்டு, 'ஓடாம நிமிர்ந்து பாருங்க, மூணு மூச்சு இழுங்க, நல்லா இருக்கணும்னு நினைங்க, கடைசியா ஏதாவது குடுங்க'ன்னு சங்கமித்ராகிட்ட தினமும் பாடம் படிச்சுக்கிட்டு இருந்துச்சு!"