கோவில் வாசலில் விட்ட கட்லெட்

என்னைப் போன்ற ஒரு மொக்கனை மானிப்பாயிலிருந்து லியோன் நகரம் வரைக்கும் விமானத்தில் ஏற்றியதே பிழை. அதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். (என்னை அறிந்தவர்கள் "உது தெரிஞ்ச கதைதானே" என்பார்கள்.)

தங்கச்சி வதனி பிரான்சில் அந்த நகரத்தில்தான் இருக்கிறாள். அவளுடைய மகள் துஷி, மத்தியூ என்ற பிரெஞ்சுப் பெடியனைக் கட்டப் போகிறேன் என்றுவிட்டாள். பெடியனின் தாய்க்கு அரை மனம்தான். துஷிக்குத் தகப்பன் இல்லை. ஆகவே, இரு வீட்டாரும் முதன்முதலாகச் சந்திக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்குத் தாய்மாமன் நான் போய் இறங்கினேன்.

"அண்ணை, உந்தச் சாப்பாட்டோடைதான் எல்லாம் இருக்கு. குழப்பிப் போடாதேங்கோ" என்றாள் வதனி.

சாப்பாட்டுக்கடை பழைய நகரத்தில், ஒடுங்கிய கல் ஒழுங்கையில் இருந்தது. சிவப்பு வெள்ளைக் கட்டம் போட்ட மேசை விரிப்புகள். மீனை அரைத்துப் பிடித்து அவித்த கெனெல்தான் அந்த ஊரின் பெருமையாம். பக்கத்திலேயே பல நூறு வருடப் பழைய கிறிஸ்தவக் கோவில். உள்ளே பனை உயரத்துக்கு ஒரு மணிக்கூடு. நேரம் வந்தால் பொம்மைகள் ஆடுமாம்.

"அவையள் வாறதுக்குள்ளை பாத்திட்டு வாறன்" என்று கிளம்பினேன்.

கையில் ஒரு பை. அதற்குள் சம்பந்திக்காக வதனி விடியவே பொரித்த மீன் கட்லெட். தாய்மாமன் கையால்தான் கொடுக்க வேண்டும் என்று நானே ஒரு சட்டம் போட்டு, பையை ஒருவரிடமும் விடாமல் வைத்திருந்தேன். கோவில் வாசலில்தான் குழப்பம் பிடித்தது. மீனோடு உள்ளே எப்படிப் போவது? எந்தச் சாமியாக இருந்தால் என்ன, சைவ சமயக்காரனுக்குக் கால் வருமா? சப்பாத்தைக் கழற்றி, பக்கத்தில் பையையும் சுவரோடு சாத்தி வைத்துவிட்டு உள்ளே போனேன். வாசலில் வேறு சப்பாத்து ஒன்றும் இல்லைத்தான். இன்றைக்குச் சனம் குறைவாக்கும் என்று நினைத்தேன்.

பொம்மைகள் ஆடுவதற்குள் ஒருவர் ஓடிவந்து எல்லோரையும் பக்கவாசலால் வெளியே கலைத்தார். ஏனென்று விளங்கவில்லை. வெளியே பொலிஸ், குறுக்கே கட்டிய நாடா, ஒரு நாய். சாப்பாட்டுக்கடைகளில் இருந்தவர்களையும் எழுப்பிச் சதுக்கத்தின் மறுகரையில் விட்டிருந்தார்கள். அவர்கள் கதைத்ததில் குண்டு என்பது மட்டும் எனக்குப் பிடிபட்டது.

அப்பாடா, எனக்குத் தெரிந்த பாடம்! சண்டைக்காலத்தில் பங்கருக்குள் வளர்ந்தவன் அல்லவா? பக்கத்தில் நின்ற நெட்டையான நரைத்தலைக்காரரைத் தோளில் பிடித்து அமத்தினேன்.

"குப்புறப் படுங்கோ! காதைப் பொத்துங்கோ!"

பாவம், மனுசன் நல்ல கோட்டோடு கல்லுத்தரையில் படுத்தார். நானும் படுத்தேன். வேறு ஒருவரும் படுக்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

தூரத்தில் நாய் எதையோ மணந்து பார்த்துவிட்டு அசையாமல் உட்கார்ந்தது. கூட்டம் மூச்சை இழுத்தது.

"அண்ணை!" தலைக்கு மேலே வதனியின் குரல். "ஏன் மத்தியூவின்ரை அப்பாவைக் கீழை படுக்க வைச்சிருக்கிறியள்?"

அவள் பார்வை என் காலுக்கு இறங்கியது.

"உங்கடை சப்பாத்து எங்கை?"

அப்போதுதான் நாயை ஒழுங்காகப் பார்த்தேன். அதன் முன்னால் ஒரு சோடி சப்பாத்து.

துஷி அழாக்குறையாக ஓடிப் பொலிசுக்கு விளங்கப்படுத்தினாள். பையை என்னையே திறக்கச் சொன்னார்கள். திறந்தேன். பச்சைமிளகாயும் மீனும் கமகமத்தன. அதிகாரி எட்டிப் பார்த்துவிட்டு நாடாவை அவிழ்க்கச் சொன்னார். நாய் வாலை ஆட்டியது.

திரும்பிப் போனால் கடையில் அடுப்பை நூர்த்துவிட்டார்கள். மத்தியானம் தாண்டினால் அங்கே சட்டி ஏறாதாம். கெனெலை நான் கண்ணாலும் காணவில்லை. இரண்டு குடும்பமும் சதுக்கத்து நீரூற்றின் விளிம்பில் குந்தியிருந்து கட்லெட் சாப்பிட்டோம். மத்தியூவின் அம்மா ஒன்றைக் கடித்தார். கண்ணால் தண்ணீர் ஓடியது. உறைப்போ, சிரிப்போ, மகனை நினைத்த கவலையோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பிறகு இன்னொன்றுக்குக் கை நீட்டினார். துஷி அதற்குப் பிறகுதான் மூச்சு விட்டாள்.

இப்போது அந்த வீட்டில் யாராவது ஒரு பையை மறந்து வைத்தால், மத்தியூவின் அப்பா உடனே குப்புறப் படுத்துக் காட்டுகிறாராம். (கோட்டைக் கழற்றிவிட்டுத்தான்.)

கலியாணத்துக்கு நாள் வைத்தாயிற்று. போன கிழமை துஷிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"பிள்ளை, மாமா ஊரிலை இருந்து என்ன கொண்டுவரட்டும்?"

"வெறுங்கையோடை வாங்கோ."