மூன்று ஓலையும் ஒரு டிக்கெட்டும்

நாலு நாள். நாலே நாள் பிலோமி இல்லாமல் வாழ்ந்து பார்ப்பது என்று முடிவெடுத்தேன்.

நான் கெட்டவன் இல்லை. பத்தொன்பது வருஷமாக நீங்கள் முடி வெட்டப் போனால்கூட பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, "காதுக்கு மேல இன்னும் கொஞ்சம் எடுங்க" என்று கடைக்காரரிடம் சொல்கிற மனைவியோடு இருந்து பாருங்கள். நீங்களும் இதே முடிவுக்குத்தான் வருவீர்கள். பெயரை மட்டும் மாற்றிக்கொள்வீர்கள்.

என் பெயர் டொனால்ட். கேமரன் மலையில் ஒரு தேயிலை பேக்டரியில் சூப்பர்வைசர். பேக்டரியில் எனக்குக் கீழே இருபத்திரண்டு பேர். வீட்டில் எனக்கு மேலே ஒரே ஒருத்தர். அந்த ஒருத்தரே போதும். அவள் கியா பார்ம் சந்தையில் கடை போட்டு ஸ்ட்ராபெரியும் அவித்த சோளமும் விற்கிறாள். கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ரெண்டு நாள், மூணு நாள் என்று ஜனங்கள் குளிர் தேடி வருகிறார்கள். ஊரெல்லாம் எங்கள் மலைக்கு டூர் வருகிறது. நாங்கள் ஈப்போவுக்கு இறங்கிப் பல் பிடுங்கிக்கொண்டு வந்தால் அதுதான் எங்களுக்கு டூர்.

இப்படி இருக்கையில் எல்வினிடமிருந்து மெசேஜ் வந்தது. எல்வின் என்னோடு ஒரே தோட்டத்து லயத்தில், பக்கத்து வீட்டில் வளர்ந்தவன். இப்போது வியட்நாமில் வேலை. "எனக்குக் கல்யாணம். சைகோன்ல. அடுத்த மாசம் ரெண்டாவது சனிக்கிழமை. பிலோமி அக்காவையும் கூட்டிட்டு வா" என்று எழுதியிருந்தான்.

என் கண் மூன்றாவது வாக்கியத்தோடு நின்றுவிட்டது.

ஜேசனுக்கும் அதே மெசேஜ் போயிருந்தது. ஜேசன் கோலா தெர்லாவில் காய்கறி லோரி ஓட்டுகிறவன். அவனுக்கும் டிஃபனி என்று ஒருத்தி இருக்கிறாள். ரெண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை தானா ராத்தா பஸ் ஸ்டேஷன் பக்கம் ரொட்டி சானாய் கடையில் உட்கார்ந்து திட்டம் போட்டோம். எங்கள் மாதா கோவிலில் அது ஆம்பளைகளின் வழக்கம். நற்கருணை வாங்கியதும் பக்கவாட்டுக் கதவு வழியாக ஒவ்வொருத்தராக நழுவி ரொட்டிக்கு வந்துவிடுவோம். பூசை முடிவில் ஃபாதர் வாசிக்கிற அறிவிப்பெல்லாம் பெண்களுக்கு.

கல்யாணம் சனிக்கிழமை காலையோடு சரி. நாங்கள் புதன் புறப்பட்டுத் திங்கள் திரும்புவது. மிச்ச நாளெல்லாம் சிட்டி. ஆற்றில் படகு, சுரங்கம் பார்ப்பது, வானம் முட்டும் கட்டடத்தில் ஏறுவது, ரோட்டோரம் குட்டி ஸ்டூலில் உட்கார்ந்து காப்பி. வரிசையாகக் காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

திட்டத்தில் ஒரே ஓட்டை. பாஸ்போர்ட் பிலோமியின் பீரோவில் இருந்தது. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் வேளாங்கண்ணி போகலாம் என்று நான் வாய்விட்டதில் எங்கள் ரெண்டு குடும்பமும் பாஸ்போர்ட் எடுத்தது. பாஸ்போர்ட் வந்தது. வேளாங்கண்ணிதான் வரவில்லை. ஆக, யாரை விட்டுவிட்டுப் போகப் போகிறேனோ அவளிடமே போய் நிற்க வேண்டும்.

நின்றேன்.

"எல்வினுக்குக் கல்யாணம், பிலோமி. வியட்நாம்ல."

"எப்போ?"

"அடுத்த மாசம். நாலு நாளு."

"கல்யாணம் நாலு நாளா?"

"அவங்க ஊரு வழக்கம்லா. வியாழக்கிழம வரவேற்பு. வெள்ளிக்கிழம பொண்ணு வீட்டு விருந்து. சனிக்கிழம பூச. ஞாயித்துக்கெழம..." எனக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது.

"ஞாயித்துக்கெழம?"

"நன்றி விருந்து."

"யாரு யாருக்கு நன்றி சொல்றது?"

"எல்லாரும் எல்லாருக்கும்."

அவள் சோளத்துக்குத் தோல் உரித்துக்கொண்டே யோசித்தாள். "அப்ப நானும் வரணும்ல?"

"அதான் எனக்கு வருத்தமே. ஒரு வீட்டுக்கு ஒருத்தர்தான்னு சொல்லிட்டான். மண்டபம் சின்னதாம்."

"நாலு நாளு நடக்குற கல்யாணத்துக்குச் சின்ன மண்டபமா?"

"சின்ன மண்டபமா இருக்கறதாலதான் நாலு நாளு."

இதைச் சொன்னதும் எனக்கே என்மேல் மரியாதை வந்தது. பிலோமி உரித்த சோளத்தைக் கூடையில் போட்டாள். "பாவம், எல்வினு. நீங்களாச்சும் போய்ட்டு வாங்க" என்றாள். ஜேசனும் அதே பொய்யை அதே வரிசையில் டிஃபனியிடம் சொல்லி, அவளும் நம்பிவிட்டதாக போன் பண்ணினான். எங்களைவிடக் கெட்டிக்காரர்கள் பஹாங் மாநிலத்திலேயே இல்லை என்று பேசிக்கொண்டோம்.

அடுத்த ஞாயிறு ரொட்டி தின்றுவிட்டுக் கோவில் வாசலுக்கு வந்தேன். பிலோமியும் டிஃபனியும் ஒன்றாக இறங்கி வந்தார்கள்.

"இன்னைக்கு ஃபாதர் என்னா வாசிச்சாருன்னு கேக்கலியா?" என்றாள் பிலோமி.

"என்னா வாசிப்பாரு, கூரை ஒழுகுதும்பாரு."

"ம்." வீடு வந்ததும், "அந்தக் கல்யாணம் நாலு நாளுதானா? நல்லாக் கேட்டுக்கிட்டீங்களா?" என்றாள்.

"நாலு நாளுதான்லா."

அதற்கடுத்த ஞாயிறு, "நெசமா ஒரு வீட்டுக்கு ஒருத்தர்தானா?" என்றாள். சத்தியமாக என்றேன். கோவிலிலிருந்து இருபதடி தூரத்தில் நின்று சொன்னேன்.

அன்றைக்கே பீரோ பக்கம் போய் நின்றேன். "டிக்கெட்ட போட்டுடுறேன் பிலோமி, பாஸ்போர்ட்ட குடு."

"நீங்க ஒரு மெசேஜ் அனுப்பவே அரை நாளு ஆவுது. ஜேசனுக்கும் சேத்து நானே என் போன்ல போடறேன். பக்கத்துப் பக்கத்து சீட்டு கெடைக்கும்."

"அப்பப் போடு."

"இன்னும் ஒரு ஞாயிறு போவட்டும்."

ஞாயிற்றுக்கும் டிக்கெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மூன்றாவது ஞாயிறும் வந்தது. பூசை முடிந்து பிலோமி காடியில் ஏறி உட்கார்ந்தாள். கதவைச் சாத்தவில்லை. "கடைசியாக் கேக்குறேன். என்கிட்ட சொல்ல வேண்டியது ஏதாச்சும் இருக்கா?"

நான் யோசித்தேன். நிஜமாகவே யோசித்தேன். "நீலச் சட்டைக்கு இஸ்திரி போடணும்" என்றேன்.

அன்றைக்கே டிக்கெட் போட்டுவிட்டாள். போனை நீட்டிக் காட்டினாள். புதன் போவது, திங்கள் வருவது, எல்லாம் சரி. மேலே பெயர் இருக்கிற இடத்தில் அவள் கட்டைவிரல் இருந்தது. விரலை எடு என்று சொல்கிற அளவுக்கு எங்கள் வீட்டில் ஜனநாயகம் வளரவில்லை. நானும் பேக்டரி துரையிடம் போய் ஆறு நாள் லீவுக்குக் கையெழுத்து வாங்கினேன்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு வேன் வந்தது. நான் நீலச் சட்டையில் வாசலில் நின்றேன். வேனிலிருந்து ஜேசன் இறங்கினான். அரைக்கால் சிலுவார், ஜப்பான் சிலிப்பர். கையில் ஒரு பூப்போட்ட பெட்டி. முகத்தில் ரத்தமே இல்லை. வேனுக்குள் டிஃபனி கறுப்புக் கண்ணாடி போட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

பின்னாலிருந்து பிலோமி வந்தாள். புது சுவெட்டர், காலில் சப்பாத்து, தோளில் பை.

"நீ எங்க போற?"

"சைகோனுக்கு."

"ஒரு வீட்டுக்கு ஒருத்தர்தான்னு சொன்னேனே."

"ஆமா. நம்ம வீட்லேருந்து நான். அவங்க வீட்லேருந்து டிஃபனி."

நான் ஜேசனைப் பார்த்தேன். அவன் தன் சிலிப்பரைப் பார்த்தான்.

"மூணு ஞாயிறு பூசையில எல்வினுக்குக் கல்யாண ஓலை வாசிச்சாங்க. நீங்க ரொட்டி தின்னுக்கிட்டு இருந்தீங்க" என்றாள் பிலோமி. கோபமே இல்லாமல் சொன்னாள். அதுதான் பயமாக இருந்தது. "அவன் ஞானஸ்நானம் வாங்குன கோவில்ல ஓலை வாசிக்காம எந்த ஊர்ல கல்யாணம் நடக்கும்? எடம், நேரம் எல்லாம் சேத்துத்தான் வாசிச்சாரு. சனிக்கிழம காலைல பத்து மணி. மத்தியானம் சாப்பாடு. முடிஞ்சிச்சு. நம்ம கோவில் பங்கு மக்க எல்லாரும் குடும்பத்தோட வரணும்னு அவன் கேட்டுக்கிட்டானாம்."

"பிலோமி, நான் வந்து..."

"ஓலைய எதுக்கு மூணு வாட்டி வாசிக்கிறாங்க? கல்யாணத்துக்குத் தடை எதாச்சும் தெரிஞ்சவங்க வந்து சொல்லட்டும்னுதான். நானும் மூணு ஞாயிறு குடுத்தேன். ஒவ்வொரு ஞாயிறும் வாய்விட்டுக் கேட்டேன். 'நீயும் வாடி'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா ரெண்டு டிக்கெட் போட்டிருப்பேன்."

நான் நீலச் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றினேன். பக்கத்தில் ஜேசன் டிஃபனியின் பூப்போட்ட பெட்டியை வேனின் பின்பக்கம் ஏற்றிக்கொண்டிருந்தான்.

"எல்வின் என்னைக் கேப்பானே" என்றேன், கடைசி நம்பிக்கையாக.

"பேக்டரில லீவு குடுக்கலன்னு சொல்லிட்டேன். உங்க மானத்த நான்தான காப்பாத்தணும். கடைய பாத்துக்குங்க. ஸ்ட்ராபெரிய அமுக்கிப் பாக்க விடாதீங்க."

வேன் போய்விட்டது.

லீவை ரத்து செய்யலாம் என்று துரையிடம் ஓடினேன். ஆள் மாற்றியாகிவிட்டது, நன்றாக ஓய்வெடு என்று முதுகில் தட்டினார். அப்படி ஓய்வெடுத்தது கியா பார்மில். நாள் முழுக்க நின்றேன். சிங்கப்பூர் ஜோடி ஒன்று சோளம் கடித்துக்கொண்டே, "வருஷம் பூரா இங்க இருக்கீங்க, குடுத்து வச்சவங்க அங்கிள்" என்றது. அந்தக் குளிரிலும் எனக்கு வேர்த்தது.

மாலையில் போட்டோ வரத் தொடங்கியது. வியாழன்: ஆற்றில் படகு. வெள்ளி: சுரங்கத்துக்குள்ளிருந்து டிஃபனியின் தலை மட்டும். பிறகு வானம் முட்டும் கட்டடம். பிறகு குட்டி ஸ்டூல், காப்பி. ஜேசன் லோரியை நிறுத்திவிட்டு வந்து பார்த்தான்.

"நம்ம லிஸ்ட் அப்படியே வருதே. எப்படிடா அவங்க கைக்குப் போச்சு?"

"சட்டைப் பையில வச்சிருந்தேன்."

"சட்டைய யாரு தொவைக்கிறா?"

நான் ஒரு சோளத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் கேட்ட நாலு நாள் எனக்குக் கிடைத்தது. முதல் நாள் நன்றாகத்தான் இருந்தது. கட்டில் முழுக்கப் படுத்தேன். ரெண்டாம் நாள் தனியாக முடி வெட்டப் போனேன். காதுக்கு மேலே தொடவே இல்லை அந்த ஆள். மூன்றாம் நாள் மெகி மீ நூடுல்ஸைத் தட்டில் போட்டுவிட்டு எதிர் நாற்காலியைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஃபாதர் அறிவிப்பு முடிக்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன். எங்கே எதை வாசித்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

திங்கள் சாயங்காலம் வேன் வந்தது. பிலோமி பத்து வயசு குறைந்து இறங்கினாள். எனக்கு ஒரு ஓலைத் தொப்பி வாங்கி வந்திருந்தாள். பெட்டியை நானே தூக்கினேன், தேநீர் நானே போட்டேன். ரெண்டு நாளாகக் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்ததைச் சொன்னேன்.

"பிலோமி, நான் செஞ்சது தப்பு. இனிமே எங்க போனாலும் ரெண்டு பேரும் சேந்துதான் போவணும்."

அவள் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்டிப்பா போவலாம்ங்க. எல்வின் பொண்டாட்டிக்கு மூணு தங்கச்சி, வருஷத்துக்கு ஒரு கல்யாணமாம், நானும் டிஃபனியும் வர்றோம்னு வாக்கு குடுத்துட்டோம். அது மூணும் முடிஞ்சதும், நாலாவது வருஷம் நம்ம ரெண்டு பேரும்."