மூன்று காவல்காரர்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

கனவு காண்கிறவர்கள் கையில் மவுஸைக் கொடுக்கக் கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கனவு கண்டால் பாலோடு போகும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கனவு கண்டால் புருஷனே போய்விடுவார்.

திருச்செங்கோட்டில் போர்வெல் லாரி வைத்திருக்கும் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் நான். கல்யாணமான இரண்டாம் மாதமே அவர் வண்டியோடு மத்தியப் பிரதேசம் போய்விட்டார். ஞாயிறு தோறும் மாலை ஐந்து மணிக்கு அங்கே ஏதோ ஓர் ஊர் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து பேசுவார். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் முகம் தெரியும். (செல்போனில் முகம் பார்த்துப் பேசும் வசதி அப்போது எங்கள் தெருவுக்கு வந்திருக்கவில்லை.) மீதி ஆறு நாளும் நான் தரையில் கால் பாவாமல் மிதந்துகொண்டிருப்பேன்.

ஒரு ஞாயிறு, "அடுத்த வாரம் பேசறதுதான் கடைசி. அப்புறம் வண்டி காட்டுக்குள்ள போகுது. மூணு மாசத்துக்கு டவரே கெடைக்காது புள்ள" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முகம் அப்படியே உறைந்து, திரை நீலமாகிவிட்டது. கம்ப்யூட்டர் விற்ற கடைக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"வைரஸா இருக்குமுங்க. ஓசியிலயே ஆன்ட்டிவைரஸ் கெடைக்குது, எறக்கிப் போட்டுக்குங்க" என்றார்.

அடுத்த ஞாயிறு அந்த முகத்தைக் கண் நிறையப் பார்த்தாக வேண்டும். விட்டால் மூன்று மாதம். ஆகவே மும்முரமாகத் தேடினேன். ஆன்ட்டிவைரஸ் ஒன்றல்ல, ஒரு டஜன் இருந்தது. எதைப் போடுவது என்று மாமனாரிடம் கேட்டேன்.

"ஒருத்தன் தேங்காய உள்ளங்கையில வெச்சு, இந்த எடத்துக்கு அடியில தண்ணி இருக்குதுன்னு சொன்னா ஒடனே போர் போட்டுருவமா அம்முணி? வேப்பங்குச்சிக்காரனைக் கூப்புடுவோம். அப்புறம் மெசின் வெச்சுப் பாக்கறவரைக் கூப்புடுவோம். மூணு பேரும் ஒரே எடத்தைக் காட்டோணும்" என்றார்.

அவ்வளவுதான், மூன்று ஆன்ட்டிவைரஸ் போட்டேன். போதாதென்று ஃபயர்வால் ஒன்று. அதாவது கம்ப்யூட்டர் வாசலில் நின்று, போகிறவர் வருகிறவரை எல்லாம் மறித்து விசாரிக்கிற ஆள்.

முதலாவது, இரண்டாவதைத் திருடன் என்று பிடித்தது. இரண்டாவது, மூன்றாவதைப் பிடித்தது. மூன்றாவது சும்மா இருக்குமா? முதலாவதைத் தூக்கி உள்ளே வைத்தது. ஒவ்வொரு பிடிக்கும் ஒரு மணி அடிக்கும். அடேயப்பா, எத்தனை வைரஸ் என்று நான் பூரித்துப் போனேன். கம்ப்யூட்டர் எருமை மாதிரி அசைந்தது. பச்சைக் கோடு ஒன்று திரையில் மெல்ல மெல்ல நகர, அதையே பார்த்துக்கொண்டு நான் அவரோடு ஏதோ ஓர் ஆற்றங்கரையில் நடந்துகொண்டிருப்பேன்.

ஃபயர்வால் நிமிஷத்துக்கொரு கேள்வி கேட்டது. 'இந்த நிரல் வெளியே தொடர்புகொள்ளப் பார்க்கிறது. விடலாமா, தடுக்கலாமா?' கீழே ஒரு கட்டம்: 'என் பதிலை எப்போதும் நினைவில் வை.'

"ஆருன்னு தெரியலையா? அப்படீன்னா உடாத சாமி" என்றார் அத்தை, என் மாமியார்.

தடு, நினைவில் வை. தடு, நினைவில் வை. இரண்டே நாளில் கை பழகிவிட்டது.

ஞாயிறு வந்தது. நாங்கள் தனியாகப் பேசட்டும் என்று மாமனாரும் அத்தையும் மலைக்கோயிலுக்குப் போய்விட்டார்கள். அவர் எடுத்துக் கொடுத்த பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டேன். யாரும் குறுக்கே வரக்கூடாதென்று செல்போனை அணைத்தேன். வீட்டு போன் ரிசீவரையும் எடுத்துக் கீழே வைத்தேன். (புத்திசாலித்தனத்தைப் பாருங்கள்!) ஜன்னல் திரை காற்றில் மெதுவாக உப்பி உப்பி அடங்கியது. மஞ்சள் வெயில் கீபோர்டின் மேல் வந்து படுத்தது. அவரிடம் என்னென்ன சொல்வது என்று நினைத்தபடியே பேசும் நிரலைத் திறந்தேன். ஒரு பெட்டி குதித்தது. நான் ஆற்றங்கரையில் இருந்தேன். கை மட்டும்தான் இங்கே இருந்தது. தடு, நினைவில் வை.

திரையில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது. அவரைத்தான் தேடுகிறது போல என்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாயிற்று, ஆறாயிற்று, ஏழாயிற்று. அவர் வரவில்லை. என்னை மறந்து காட்டுக்குள்ளேயே போய்விட்டார் என்று அந்தப் பச்சைப் புடவையிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு அழுதேன்.

புதன்கிழமை காலை கேட் சத்தம் கேட்டது. சட்டையெல்லாம் செம்மண்ணோடு அவர் நின்றார்.

"ஏம்புள்ள, மூணு மாசம்னதும் கோவத்துல பாதியில கட் பண்ணிட்ட. போன ஞாயித்துக்கெழம ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தேன். கம்ப்யூட்டர்லயும் நீ இல்ல, செல்லும் ஆஃப்பு, ஊட்டு போனும் எங்கேஜ்டு. அவ்வளவு கோவமா?"

"மாமா செல்லுக்குப் போட்டிருக்கலாமுல்லங்க?"

"'எம்பொண்டாட்டிக்கு என்ற மேல கோவமா, பாத்துச் சொல்லுங்க'ன்னு அப்பாகிட்டக் கேக்கச் சொல்றயா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கம்ப்யூட்டரைக் கைகாட்டினேன். உட்கார்ந்து பார்த்தார். தடுக்கப்பட்டவர்கள் பட்டியல் நீளமாக இருந்தது. பிரிண்டர், கடிகாரம், கடைசியாக அவர்.

பின்னால் நின்ற மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "மூணு காவல் போட்டும் உள்ள வந்துட்டானே!"

என் வீட்டுக்காரர் வண்டியைத் தன் சித்தப்பா மகனிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தார். பத்து நாள் இருந்துவிட்டு அவரும் காட்டுக்குப் போனார். வெளியே வந்து முதல் டவர் கிடைத்த இடத்திலிருந்து போன் செய்தபோது, நான் வாந்தியெடுத்துவிட்டு வந்துதான் பேசினேன். விஷயத்தைச் சொன்னேன்.

இன்றைக்கும் விசேஷ வீட்டில் யாராவது எங்கள் மகளுக்கு என்ன வயசு என்று கேட்டால் போதும். "மருமவ ஆன்ட்டிவைரஸ் போட்டாளே, அதுக்கு அடுத்த வருசம் பொறந்தவளுங்க" என்கிறார் அத்தை. பந்தியே சிரிக்கிறது. என் வீட்டுக்காரர் மட்டும் தலையைக் குனிந்து, இல்லாத கருவேப்பிலையை இலையில் தேடிக்கொண்டிருக்கிறார்.