ஸ்டாப்வாட்ச் அக்காவும் இரண்டு கம்ப்யூட்டர்களும்

செங்கல்பட்டுக்கு வடக்கே ஸ்டாப்வாட்ச் அக்கா நேரம் பார்க்காத சங்கதி ஒன்றுகூடக் கிடையாது. காபி டிகாக்‌ஷன் இறங்குவது, இரும்புலியூர் பாஸ்டரின் ஜெபம் எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருந்தார். தன் கல்யாணத்தில் மாப்பிள்ளை 'சம்மதம்' சொல்ல நாலு செகண்ட் ஆனதாம். "அந்த நாலு செகண்ட்ல என்ன யோசிச்சார்னு இன்னிக்கு வரைக்கும் சொல்லலை" என்பார்.

எழுபதுகளில் குரோம்பேட்டையில் நாங்கள் வேலை பார்த்த கம்ப்யூட்டர் சென்டருக்குப் புது மெஷின் ஒன்று வந்தது. பழையதைவிட இதுதான் வேகம் என்று மேனேஜர் மேலிடத்தில் சொல்லிவிட்டார். நிரூபிக்கும் பொறுப்பு அக்காவுக்கு.

ஒரே பெயர்ப்பட்டியலை அகரவரிசைப்படுத்த இரண்டு புரோகிராம் எழுதினார். ஒன்று மந்தம், ஒன்று சுறுசுறுப்பு. பழைய மெஷினில் எத்தனை முறை ஓட்டினாலும் அதே நேரம். புதியதிலோ காலையில் மூன்று நிமிஷம், மத்தியானம் ஒன்பது. ஒருநாள் மந்தம் சுறுசுறுப்பை முந்தியே விட்டது!

அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஏஸி குளிரில், மெஷின்மேல் உள்ளங்கையை வைத்து, மழைச் சத்தம் கேட்பவர்போலக் கண்மூடி நின்றார்.

"இன்னாக்கா, மிஷினுக்கு ஜொரமா?" என்றார் ஆபரேட்டர்.

"ஷ்... இது நடுவுல வேற யார்கூடவோ பேசுது."

உண்மைதான். பழையது ஒரு வேலையை முடித்த பிறகே அடுத்ததைத் தொடும். புதியதன் ஆபரேட்டிங் சிஸ்டம் நம் வேலையைப் பாதியில் ஓரமாக வைத்து, மற்றவர்களுடையதையும் கொஞ்சம் கொஞ்சம் கவனித்துவிட்டு வரும்.

"அப்போ நம்ம வேலையை மட்டும் ஓட்டும்மா! டெஸ்ட்டைப் பார்க்க டைரக்டர் வந்துட்டார்!" என்று பதறினார் மேனேஜர்.

மெஷினில் ஓடும் வேலைகளின் வரிசையைப் பார்த்தார் அக்கா. "ஒரு ஆஸ்பத்திரி லிஸ்ட் ஓடுது சார். மாத்திரை அனுப்பவேண்டிய அட்ரஸ். நிறுத்தினா இன்னிக்குத் தபாலைப் பிடிக்க முடியாது. நிறுத்தமாட்டேன்."

"உங்க வேலை போயிடும்!"

"போகட்டும் சார்."

டைரக்டர் முன்னால் எங்கள் பட்டியல் பதினோரு நிமிஷம் ஆடி அசைந்து வந்தது. மேனேஜர் வியர்த்தார். அக்கா நடந்ததைச் சொன்னார். டைரக்டர் ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் புரட்டிப் பார்த்தார். "இது இன்னிக்குத் தபாலுக்குப் போயிடுமா?" என்று மட்டும் கேட்டார். அக்காவின் வேலை போகவில்லை.

அன்று சாயங்காலம் ஸ்டேஷனில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குத் திரும்பும் கொக்குகளை அண்ணாந்து பார்த்தபடியே நின்றுவிட்டார் அக்கா. தாம்பரம் வண்டி வந்தது, போனது; அவர் நேரம் பார்க்கவில்லை. அவரைக் கூப்பிட எனக்கு மனசு வரவில்லை. நானும் ஏறாமல் பக்கத்தில் நின்றேன்.